கால் தரையைத் தொடுவதற்கு முன்னால்

2019 ஜூன் மாதம் மணிலாவில் இந்தியப் பெண்கள் ரக்பி அணி சிங்கப்பூரை 21–19 என்ற கணக்கில் வென்றது. பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் இந்தியப் பெண்களுக்குக் கிடைத்த முதல் சர்வதேச வெற்றி அது. அந்த வகை ஆட்டத்தில் அவர்கள் களமிறங்கியே ஓராண்டுதான் ஆகியிருந்தது. அணித்தலைவி வாபிஸ் பருச்சா புனேயைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். பெனால்டியை உதைத்து வெற்றி தேடித் தந்த சுமித்ரா நாயக், ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் படித்தவர். பீகாரின் சிற்றூர்களிலிருந்தும் பெண்கள் ரக்பிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். நகரத்து கிளப்புகளின் ஆட்டம் என்று பெயரெடுத்த ரக்பி, நம் நாட்டில் பெண்கள் பக்கம் வரும்போது கூலி வேலைக்கும் விவசாயத்துக்கும் போகிற வீடுகளின் ஆட்டமாக மாறியிருக்கிறது. அடிபட்டால் அப்படிப்பட்ட வீடு என்ன செய்யும் என்ற கேள்வி அதனால்தான் முன்னுக்கு வருகிறது.

அப்படிப்பட்ட கூலி வீடுகள் தேயிலைத் தோட்டமெங்கும் இருக்கும் நீலகிரியில் ரக்பி வேர்பிடிக்கவில்லை. கடல் தாண்டி, இலங்கை மலையகத்தில் கதை வேறு. டிம்புள, டிக்கோயா, ஊவா என்று வட்டாரத்துக்கு வட்டாரம் தேயிலைத் துரைமார் கிளப் வைத்து ரக்பி ஆடினார்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி அந்த மலைகளிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வளர்ந்தன. ஆட்கள் கப்பலேறி வந்தார்கள். ஆட்டம் துரைமாரோடு அங்கேயே நின்றுவிட்டது. இன்று ஊட்டி, குன்னூர் பள்ளி மைதானங்களில் பெண் பிள்ளைகள் ஆடுவது கபடியும் கால்பந்தும்தான். இருந்தாலும் நீலகிரிக்காரர்கள் ரக்பியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. உடலோடு உடல் மோதும் ஆட்டங்களில், யாருக்கு, எந்த நிமிடத்தில், எப்படி அடிபட்டது என்று பல ஆண்டுகளாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஆட்டம் அது. கபடியில் பாடிப் போகிறவளைத் தொடையோடு சேர்த்துப் பிடிப்பதும், ரக்பியில் பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளும் உடலுக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

அந்தக் கணக்குகள் முதலில் உடைப்பது ஒரு பழைய எண்ணத்தை. பெண்கள் மென்மையானவர்கள், மோதல் ஆட்டம் ஆடினால் ஆண்களைவிட அதிகம் அடிபடுவார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அமெரிக்க ராணுவக் கல்லூரியில் ஆண்களும் பெண்களும் ஆடிய ரக்பியை 2006 முதல் 2011 வரை பதிவு செய்து ஒப்பிட்டபோது, மொத்தக் காயங்கள் ஆண்களுக்குத்தான் அதிகம் என்று தெரிந்தது. எலும்பு முறிவும் வெட்டுக்காயமும் அவர்கள் பக்கம் கூடுதல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கணக்கு தலைகீழானது: முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு பெண்களுக்குக் கிழிந்த வீதம் ஆண்களைப் போல் ஐந்து மடங்கு. உடல் முழுக்க பலவீனம் என்றால் காயமும் உடல் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். ஒரே மூட்டில் வந்து குவிகிறது என்றால், அந்த மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. பார்த்தால், அதில் பெரும்பகுதி பிறவியில் வந்ததல்ல, சொல்லிக்கொடுத்து மாற்றக்கூடியது என்பதே என் வாதம்.

ஏ.சி.எல். என்பது சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டை. தொடை எலும்பின் பின்பக்கத்திலிருந்து கெண்டைக்கால் எலும்பின் முன்பக்கத்துக்குக் குறுக்காக ஓடுகிறது. கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. இளம் வயதில் அது இருநூறு கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தாங்கும். அவ்வளவு வலுவுள்ள ஒன்று, யாரும் மேலே விழாமலேயே, வெறுமனே ஓடி வந்து சட்டென்று திசை மாறும்போது அறுகிறது. பந்தைக் கையால் எறிந்து ஆடும் ஹேண்ட்பாலிலும் கூடைப்பந்திலும் பெண்களுக்கு ஜவ்வு கிழிந்த பத்துக் காட்சிகளை, பல கேமராக்களில் பதிவானவற்றை, நார்வே ஆய்வாளர்கள் நொடியின் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதம் தரையைத் தொட்ட நாற்பது மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள், முழங்கால் உள்பக்கமாக மடிந்து கதை முடிந்திருந்தது. ஊன்றிய கால் ஏறக்குறைய நேராக நிற்கிறது. முட்டி உள்ளே சாய்கிறது. கெண்டைக்கால் எலும்பு திரும்புகிறது. அத்தனையும் அந்த நேரத்துக்குள்.

இந்த எண்ணைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். முட்டி சாய்கிறது என்ற செய்தி நரம்பு வழியே போய், தசை சுருங்கி, மூட்டைக் காப்பாற்றும் அளவுக்கு விசை சேர்வதற்கு நாற்பது மில்லி விநாடி போதாது. ஆக, தரையைத் தொட்ட பிறகு எந்தப் பெண்ணும் தன் முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது, எந்த ஆணும்தான். காப்பாற்றுவது எல்லாம் கால் காற்றில் இருக்கும்போதே நடந்தாக வேண்டும். இடுப்பின் பக்கத் தசை முன்கூட்டியே இறுகி, தொடையின் பின்தசை தயாராகி, முட்டி சற்று மடங்கி, பாதம் உடம்புக்கு நேர் கீழே இறங்க வேண்டும். இது பலத்தைப் பற்றிய விஷயம் என்பதைவிடப் பழக்கத்தைப் பற்றியது. ஆயிரம் முறை செய்து உடலில் படிந்த ஒன்றுதான் யோசிக்க நேரமில்லாத இடத்தில் கைகொடுக்கும்.

அப்படியானால் இடுப்பெலும்பின் அகலம், ஜவ்வின் கனம், மாதவிடாய்ச் சுழற்சியில் ஏறி இறங்கும் ஹார்மோன்கள் இவையெல்லாம் ஒன்றுமில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெண்களின் ஜவ்வு சராசரியாகச் சிறியது. அது இருக்கும் எலும்புப் பள்ளமும் குறுகலாக இருப்பதுண்டு. ஹார்மோனைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதை நம்பி மாதத்தில் இன்ன நாளில் ஆடாதே என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. உடலமைப்பில் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதே பெண்கள் எப்படி வளர்க்கப்பட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுக்காமல் எல்லாப் பழியையும் இடுப்பெலும்பின் மேல் போடுவது சோம்பேறித்தனம் என்கிறேன். பையன் ஐந்து வயதில் மரத்திலிருந்து குதிக்கிறான், விழுகிறான், புரண்டு எழுகிறான். அதே வீட்டுப் பெண் வயதுக்கு வந்ததும் குதிப்பதை நிறுத்தச் சொல்லப்படுகிறாள். பிறகு கல்லூரியில் சேர்ந்து பதினெட்டு வயதில் அவளை மைதானத்தில் இறக்கி, முழு வேகத்தில் ஓடி வருகிறவளைப் பிடி என்கிறோம். இங்கிலாந்தில்கூடப் பெண்களில் பலர் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் ரக்பிப் பந்தையே தொடுகிறார்கள். விளையாட்டு அறிவியல் ஆய்வுகளில் பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை நூற்றுக்கு ஆறுதான் என்று 2021-இல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. ஆண்களின் உடலை அளந்து தைத்த சட்டையைப் பெண்களுக்கு மாட்டிவிட்டு, பொருந்தவில்லை என்று உடம்பைக் குறை சொல்கிற கதை இது.

வாதம் சரியா என்று தெரிந்துகொள்ள நேர்வழி ஒன்று உண்டு. இடுப்பெலும்பை மாற்ற முடியாது, பயிற்சியை மாற்றலாம். மாற்றிப் பார்த்தால் காயம் குறைகிறதா? ஸ்வீடனில் 12 முதல் 17 வயது வரையிலான 4,564 கால்பந்துப் பெண்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வாரம் இருமுறை, பயிற்சி தொடங்கும் முன் பதினைந்து நிமிடம், முழங்காலைக் கட்டுப்படுத்தும் உடற்பயிற்சிகள். மற்றவர்கள் வழக்கம்போல. ஒரு பருவம் முடிந்து 2012-இல் வெளியான முடிவு: பயிற்சி செய்தவர்களுக்கு ஏ.சி.எல். கிழிந்த வீதம் 64 விழுக்காடு குறைவு. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரு பக்கமும் சேர்த்து ஜவ்வு கிழிந்தவர்கள் 21 பேர்தான். சின்ன எண்ணிக்கையில் விழுக்காடு பெரிதாகத் தெரியும். இந்த ஒரு ஆய்வு மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் வாதாட மாட்டேன். ஆனால் நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரிடம் ஃபிஃபாவின் வார்ம்-அப் முறையைச் சோதித்தபோதும் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகின. ஹேண்ட்பால் ஆடும் நார்வே இளையோரிடமும் முழங்கால், கணுக்கால் காயங்கள் பாதியாகக் குறைந்தன. நாடு வேறு, ஆட்டம் வேறு, அளந்தவர்கள் வேறு. கணக்கு ஒரே திசையில் போகிறது.

ரக்பிக்கென்று இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஆக்டிவேட்' என்ற வார்ம்-அப் முறை 2017-இல் வந்தது. பள்ளி மாணவர்களிடம் சோதித்ததில், வாரத்துக்கு மூன்று முறையாவது செய்த அணிகளில் ஆட்டத்தில் ஏற்பட்ட காயங்கள் 72 விழுக்காடும் மூளை அதிர்வு 59 விழுக்காடும் குறைந்தன. எப்போதாவது செய்த அணிகளையும் சேர்த்துப் பார்த்தால் பலன் மங்கிவிடுகிறது. இதில் ஓர் ஓட்டையும் உண்டு: அந்த மாணவர்கள் எல்லோரும் பையன்கள். பெண்களின் காயத்தைப் பற்றிப் பேசும்போதும் ஆண்களின் புள்ளிவிவரத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பதே மேலே சொன்ன ஆறு விழுக்காட்டின் விளைவு. ஆனால் முழங்காலைப் பொறுத்தவரை நாம் கடன் வாங்கத் தேவையில்லை. ஸ்வீடன், நார்வே ஆய்வுகள் பெண் பிள்ளைகளிடமே செய்யப்பட்டவை.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்னதான் செய்கிறார்கள்? பார்க்கிறவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒற்றைக் காலில் நின்று மெதுவாக உட்கார்ந்து எழுவது. அப்போது முட்டி பாதத்தின் நடுவிரலுக்கு நேராக இருக்க வேண்டும், உள்ளே சாயக்கூடாது. இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருத்தி மண்டியிட்டு நிற்க, மற்றவள் அவள் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, முதுகை வளைக்காமல் மெல்ல முன்னால் சரிவது. தொடையின் பின்தசை அப்படியே எரியும். முழங்கையை ஊன்றிப் பலகை போல் நிற்பது. பக்கவாட்டில் குதித்து ஒற்றைக் காலில் இறங்கி, அசையாமல் மூன்று விநாடி நிற்பது. ஓடி வந்து நீளமாக ஒரே எட்டில் திரும்பாமல், சின்னச் சின்ன எட்டுகளாக வேகத்தைக் குறைத்துத் திரும்புவது. சத்தமில்லாமல் தரையிறங்கு என்று சொல்லிக்கொடுப்பதே பாதிப் பாடம், ஏனென்றால் பாதம் சத்தமில்லாமல் இறங்க வேண்டுமென்றால் முட்டியும் இடுப்பும் மடங்கியே ஆக வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம், மேட் வேண்டாம், காசும் வேண்டாம். முன்னால் நின்று முட்டியைப் பார்த்துத் திருத்துகிற ஒரு ஆள் வேண்டும்.

நீலகிரியில் இதைச் சொன்னால் வரக்கூடிய முதல் மறுப்பு, மலைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்பதுதான். எஸ்டேட் லைனிலிருந்து பள்ளிக்கு ஏறி இறங்கி நடந்தே வளர்ந்த கால்கள். அதைவிட என்ன பயிற்சி? கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இயற்பியல் ஒத்துவரவில்லை. நடக்கும்போது ஒரு பாதம் தரையில் அரை விநாடிக்கும் மேல் இருக்கிறது. சறுக்கினால் திருத்திக்கொள்ள நரம்புக்கு நேரம் உண்டு. ஜவ்வு கிழிவது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில். ஏற்றமும் இறக்கமும் வளர்ப்பது முக்கியமாகத் தொடையின் முன்தசையை. இறக்கத்தில் உடலைத் தடுத்து நிறுத்துவது அதுதான். கால் நேராக இருக்கும்போது அந்தத் தசை இழுத்தால் கெண்டைக்கால் எலும்பு முன்னால் வருகிறது, அதாவது ஏ.சி.எல். மேல்தான் சுமை ஏறுகிறது. அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டியது தொடையின் பின்தசை. முன்தசை வலுத்து, பின்தசை அதற்கு ஈடுகொடுக்காமல் போனால், பலமான கால் என்று நாம் மெச்சும் காலே ஜவ்வுக்கு எதிரியாகும். மலை நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் தருவது உண்மையான சொத்து. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு ஓட்டக்காரர்கள் பயிற்சிக்கு வருவதும் அதற்காகத்தான். தரையிறங்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை மட்டும் மலை செய்வதில்லை.

கழுத்தைப் பற்றியும் இதே மாதிரி ஒரு நம்பிக்கை இருக்க இடமுண்டு. கொழுந்து மூட்டையைத் தலையில் தூக்கி எடை போடும் இடம் வரை நடக்கிற பெண்களின் ஊர் இது. கழுத்து பலத்துக்கு இங்கே பஞ்சமா? தலைச்சுமையில் எடை முதுகெலும்பின் வழியே நேராகக் கீழே இறங்குகிறது. அவள் செய்வது சமநிலை காப்பது. டாக்கிளில் நடப்பது வேறு: மார்பில் மோதல் விழ, தலை எதிர்பாராமல் பின்னுக்கு வீசப்பட்டு, சாட்டை போல் திரும்பி, சில நேரம் தரையில் போய் அடிக்கிறது. வேல்ஸின் ஸ்வான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெண்கள் ரக்பியைக் கவனித்தபோது, தலை இப்படித் தரையில் மோதுவது ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். விழும்போது தலையைத் தாங்கிப் பிடிக்கும் கழுத்துத் தசைகள் பெண்களுக்குப் பயிற்சியில் வளர்க்கப்படுவதில்லை என்பது ஒரு காரணம். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஆறாயிரம் பேருக்கு மேல் கழுத்து பலத்தை அளந்து பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், ஒவ்வொரு பவுண்டு பலம் கூடும்போதும் மூளை அதிர்வுக்கான வாய்ப்பு ஐந்து விழுக்காடு இறங்கியது. அந்த பலத்தை வளர்க்கும் பயிற்சி எளிது: ஒருத்தி கையால் நெற்றியைத் தள்ள, மற்றவள் தலையை அசைக்காமல் எதிர்த்து நிற்பது. பிறகு பக்கவாட்டில், பிறகு பின்னால். இரண்டு நிமிட வேலை.

தலைக்கவசம் வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று நல்ல மனதோடு கேட்கிறவர்கள் உண்டு. ரக்பியில் அணியும் மெத்தை வைத்த தொப்பி மண்டைத்தோல் கிழியாமல் காக்கலாம். மூளை அதிர்வைக் குறைக்கவில்லை என்று 2009-இல் ஆஸ்திரேலிய இளைஞர்களிடம் நடந்த பெரிய சோதனை காட்டியது. மூளை உள்ளே குலுங்குகிறது. வெளியே பஞ்சு வைத்து அதை நிறுத்த முடியாது. 2025-இல் இங்கிலாந்தில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையில், மோதலின் விசை அளவு மீறினால் சிவப்பு விளக்கு எரியும் பல்கவசத்தைப் பயன்படுத்தினார்கள். இறுதி ஆட்டத்தை 81,885 பேர் நேரில் பார்த்த போட்டிக்கு அது சரி. அரசுப் பள்ளிக்கு அதைவிடத் தேவையானது ஒரு விதி: தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண், பள்ளி ரக்பி அணியின் தலைவி, 2013 மே மாதம் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்துபோனாள். முதல் அடி ஆறுவதற்கு முன் அடுத்த அடி விழுந்தால் மூளை தாங்காமல் வீங்கக்கூடும். அவள் பெயரால் ஒன்டாரியோ மாகாணம் 2018-இல் சட்டம் இயற்றியது. நம் கபடிக் களத்தில் தண்ணீர் தெளித்து, முகத்தைத் துடைத்து, "ஒண்ணுமில்ல, போ" என்று திருப்பி அனுப்புகிற வழக்கம் பாசத்தால் வருவதுதான். ஆபத்தும் அதில்தான்.

பிடிக்கும் முறைக்கும் இதில் பங்குண்டு. ஆண்கள் தொழில்முறை ரக்பியில் தலைக் காயத்துக்காகச் சோதிக்கப்பட்ட அறுநூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்ததில் முக்கால் பங்கு டாக்கிளில் நடந்திருந்தன. அவற்றிலும் பெரும்பாலும் அடிபட்டது பிடிக்கப் போனவருக்குத்தான். நிமிர்ந்து நின்று பிடித்தவருக்குக் குனிந்து பிடித்தவரைவிட ஆபத்து அதிகம். பிரான்ஸ் 2019-இல் தன் அமெச்சூர் ஆட்டங்களில் இடுப்புக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. கபடியில் பிடி இயல்பாகவே தாழ்வானது என்பதால் தலைக்கு அது சற்று நல்லது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கெடுதல். கபடி மண் களத்திலிருந்து மேட் விரிப்புக்கு மாறியதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நார்வே ஹேண்ட்பாலில், மரத் தரையைவிடப் பிடிப்பு அதிகமுள்ள செயற்கைத் தரையில் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழிவது இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மண்ணில் பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ பசை போல் ஒட்டிக்கொள்ள, திருகல் முழுவதும் முட்டிக்குப் போகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அதைப் பார்த்துக் களத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஊர் ஊராக மேட் வாங்கித் தருவது நல்ல காரியம். மேட்டோடு சேர்த்து அதில் எப்படித் திரும்புவது என்றும் சொல்லித்தர வேண்டும்.

இவ்வளவு ஆபத்து என்றால் பெண்கள் ஆடாமலே இருக்கட்டுமே என்ற மறுப்பு எப்போதும் காத்திருக்கிறது. அதைச் சொல்கிறவர்கள் ஆடாமல் இருப்பதற்கு விலையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இளம் வயதில் ஓடிக் குதிப்பதில்தான் எலும்பு அடர்த்தி சேர்கிறது. அதை நாற்பது வயதில் போய்ச் சேர்க்க முடியாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் காவல்துறை வேலையும் ரயில்வே வேலையும் எத்தனையோ ஏழை வீடுகளைக் கைதூக்கிவிட்டிருக்கின்றன. ஆபத்து இருப்பது உண்மை. அது பாதியாகக் குறையக்கூடியது என்பதும் அதே அளவுக்கு உண்மை. இதில் ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஊட்டியின் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ரத்தத்தில் இரும்பும் குறைவு, காற்றில் பிராணவாயுவும் குறைவு என்ற நிலையில் ஒரு பெண் சமவெளியில் இருப்பவளைவிடச் சீக்கிரம் களைக்கிறாள். களைத்தவளின் டாக்கிள் தாமதமாகிறது, நிமிர்ந்துவிடுகிறது. அணித் தேர்வுக்கு முன் ஒரு ஹீமோகுளோபின் சோதனை என்பது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கக்கூடிய காரியம்.

தடுப்பதைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம், கிழிந்த பிறகு நடப்பவை. அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் கிரிக்கெட் வீரர்களின் பேட்டிகளைப் படித்து வந்தது. அவர்களுக்குப் பின்னால் ஒன்பது மாதம் கூடவே இருக்கும் பிசியோ இருக்கிறார். 2022 நவம்பரில் சென்னையில், ஜவ்வு கிழிந்ததற்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அப்படி நேர்வது மிக அரிது; ஆனால் எந்த அறுவை சிகிச்சையும் சும்மா இல்லை. சிகிச்சை நன்றாக முடிந்து மறுபடி ஆடப்போன இளம் வயதினரிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மறு காலிலோ மீண்டும் கிழிகிறது. ஸ்வீடனில் ஏ.சி.எல். கிழிந்த கால்பந்துப் பெண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் படமெடுத்துப் பார்த்தபோது பாதிப் பேரின் முழங்காலில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அப்போது அவர்களின் சராசரி வயது 31.

அந்த 31 என்ற எண் நீலகிரியில் பெறும் பொருள் வேறு. ஸ்வீடனில் தேய்ந்த முட்டியோடு ஒரு பெண் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கோத்தகிரிச் சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நாள் முழுக்க ஏறி இறங்குகிறவளுக்கு முழங்கால்தான் சம்பளம். எடை குறைந்தால் கூலி குறையும். மழையில் வழுக்கும் பாத்தியில் முட்டி ஒருமுறை நழுவினால் அந்த வாரமே போச்சு. எஸ்டேட்டை விட்டுப் படித்து மேலே போகட்டும் என்றுதான் பிள்ளையை விளையாட அனுப்புகிறார்கள்; எல்லோரும் போய்விடுவதில்லை. ஸ்கேனுக்கும் எலும்பு மருத்துவருக்கும் 85 கிலோமீட்டர் கோவைக்கு இறங்க வேண்டிய நிலை 2025 ஏப்ரலில் ஊட்டியில் திறந்த புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையால் தளர வேண்டும். கூடலூரிலிருந்து அதற்கும் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை.

கடைசியாக, ஸ்வீடன் கணக்கை வைத்து நம் ஊருக்குத் திட்டம் போடலாமா என்ற ஐயம். முட்டி மடங்கும் விதத்துக்கு நாடு கிடையாது. அந்த நாற்பது மில்லி விநாடி இங்கேயும் நாற்பதுதான். மாறுவது செய்கிறவர்களின் விடாப்பிடி. அங்கேயே எல்லா அணிகளும் கடைசிவரை விடாமல் செய்யவில்லை. பலன் தொடர்ந்து செய்தவர்களுக்கே. இங்கே ஒரு உடற்கல்வி ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறார், பல நாள் அவருடைய வகுப்பைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. அதனால் தனியாக ஒரு திட்டம் என்று கொண்டுபோனால் தோற்கும் என்றே நினைக்கிறேன். கைகளைச் சுழற்றி, மைதானத்தை மூன்று சுற்று ஓடி முடிக்கிற இன்றைய வார்ம்-அப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும்; நேரம் கூடுதலாகத் தேவைப்படாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் உடம்பு சூடேற எப்படியும் அவ்வளவு நேரம் ஆகும். வயதும் முக்கியம்: பதினெட்டுக்குக் கீழே தொடங்கியவர்களிடம் பலன் மிக அதிகம், தாண்டியவர்களிடம் மிகச் சொற்பம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு காட்டுகிறது. எனவே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட அணிக்குத் தேர்வான பெண்களை ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்கு வரவழைத்து இதைக் கற்றுத்தர நினைத்தால் காலம் கடந்திருக்கும். அவர்கள் ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே, அவரவர் பள்ளியின் சரிந்த மைதானத்தில், பி.டி. மிஸ் முன்னால் நின்று ஒவ்வொருத்தியாகப் பெஞ்சிலிருந்து ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லி, முட்டி உள்ளே சாய்கிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.